அணைக்கட்டும் தோராயக் கணக்கும்

1895-ம் ஆண்டு ஏப்ரல் 27-ம் தேதி, பிரான்ஸ் நாட்டின் எபினால் நகருக்கு அருகில் இருந்த பூஸே அணை உடைந்தது. அணைக்குக் கீழே இருந்த கிராமங்களில் 80-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அது ஒன்றும் பழைய அணை இல்லை. கட்டி முடித்து 15 வருடம்தான் ஆகியிருந்தது. 1884-லேயே அணையின் ஒரு பகுதி இடம் நகர்ந்து விரிசல் விட்டது. அதைப் பழுது பார்த்து, பலப்படுத்தி, மறுபடியும் தண்ணீர் தேக்கினார்கள். அப்படியும் உடைந்தது.

அந்த அணையைக் கட்டியவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்ல. அன்றைய பிரெஞ்சுப் பொறியாளர்கள் உலகத்திலேயே பெயர் பெற்றவர்கள். அன்றைய முறைப்படி கணக்குப் போட்டுத்தான் கட்டினார்கள். அப்படியென்றால் கணக்கில் எதை விட்டார்கள்?

இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கினால், இன்று சிவில், மெக்கானிக்கல் மாணவர்கள் கம்ப்யூட்டரில் ஓட்டும் ஸ்ட்ரெஸ் அனாலிசிஸ் மென்பொருள் வரைக்கும் ஒரே கோடாக வரலாம். அந்த வழியில் அடிக்கடி குறுக்கே வருவது ஏதாவது ஓர் அணைக்கட்டுதான்.

சமன்பாடு இருந்தது, விடை இல்லை

ஒரு பொருளின் மேல் விசை கொடுத்தால் அது கொஞ்சம் உருமாறும். விசையை எடுத்தால் பழைய நிலைக்குத் திரும்பும். இதுதான் மீட்சித்தன்மை. எவ்வளவு விசையோ அவ்வளவு நீட்சி என்ற விதியை ராபர்ட் ஹூக் 1678-ல் வெளியிட்டார். ஆனால் அது ஒரு ஸ்பிரிங்குக்கோ கம்பிக்கோ போதும். மூன்று பரிமாணமும் உள்ள ஒரு கனமான பொருளுக்குள், ஒவ்வொரு புள்ளியிலும் என்ன நடக்கிறது என்று சொல்ல அது போதாது.

அந்த வேலையை 1820-களில் பிரான்சின் நேவியரும் கோஷியும் செய்தார்கள். ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் எவ்வளவு விசை விழுகிறது என்பதைத் தகைவு என்கிறோம். பொருளின் உள்ளே அந்தத் தகைவு புள்ளிக்குப் புள்ளி எப்படி மாறும் என்பதை வகைக்கெழுச் சமன்பாடுகளாக எழுதினார்கள். சமன்பாடு சரியானது. இன்றைக்கும் அதே சமன்பாடுதான்.

சிக்கல் எங்கே என்றால், அதைத் தீர்க்க முடியவில்லை. உருவம் எளிமையாக இருந்தால் முடியும். உதாரணமாக, ஓர் அகலமான தகட்டின் நடுவில் வட்டமான ஓட்டை போட்டு இழுத்தால், ஓட்டையின் ஓரத்தில் தகைவு மூன்று மடங்காகும் என்று ஜெர்மனியின் கிர்ஷ் 1898-ல் கண்டுபிடித்தார். வட்டம், கோளம், நீளமான உருளை என்று இருந்தால் பேனா பேப்பர் போதும். ஆனால் மேலே ஒடுங்கி, கீழே அகன்று, கரடுமுரடான பாறையில் உட்கார்ந்திருக்கும் ஓர் அணைக்கு? அதற்குச் சூத்திரம் கிடையாது.

எனவே பொறியாளர்கள் ஒரு சுருக்கு வழி வைத்திருந்தார்கள். அணையைப் படுக்கைவாட்டில் வெட்டியதாகக் கற்பனை செய்துகொள்வார்கள். அந்த வெட்டின் மேல் அணையின் எடையும் தண்ணீரின் தள்ளலும் சேர்ந்த மொத்த விசை, அகலத்தின் நடு மூன்றில் ஒரு பகுதிக்குள் விழ வேண்டும். விழுந்தால் எங்கேயும் இழுவிசை வராது. கல் கட்டுமானம் எவ்வளவு அமுக்கினாலும் தாங்கும், இழுத்தால் பிளந்துவிடும். அதனால் இழுவிசை வராமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம். பூஸே அணையில் இந்த விஷயத்தில்தான் கோட்டை விட்டார்கள். நீர்ப்பக்கத்தில் இழுவிசை வந்து, விரிசலுக்குள் தண்ணீர் புகுந்து, மேல்நோக்கித் தூக்கியது. சுவர் பெயர்ந்தது.

பியர்சன் கிளப்பிய சந்தேகம்

1904-ல் லண்டனிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் அட்சர்லியும் கார்ல் பியர்சனும். புள்ளியியல் படித்தவர்களுக்குப் பியர்சனைத் தெரிந்திருக்கும், அதே பியர்சன்தான். அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது. படுக்கைவாட்டில் மட்டும் வெட்டிப் பார்க்கிறீர்களே, செங்குத்தாக வெட்டிப் பார்த்தீர்களா? அப்படி வெட்டினால், தண்ணீர் இல்லாத பக்கத்து அடிவாரத்தின் அருகில் இழுவிசை வரும் என்றார்கள்.

இது பெரிய சர்ச்சையானது. காரணம், நைல் நதியின் குறுக்கே 1902-ல் கட்டி முடித்த அஸ்வான் அணையை இன்னும் உயர்த்த வேண்டும் என்ற பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம் அது. உயர்த்தினால் தண்ணீர் அழுத்தம் கூடும். பியர்சன் சொல்வது சரியாக இருந்தால்?

ஆளுக்கொரு மாதிரியைச் செய்து சோதித்துப் பார்த்தார்கள். ஆட்லியும் பிரைட்மோரும் பிளாஸ்டிசின் என்ற களிமண் போன்ற பொருளில் அணை செய்தார்கள். வில்சனும் கோரும் ரப்பரில் செய்தார்கள். இரண்டு ஆய்வும் 1908-ல் வெளிவந்தன. ஆனால் மாதிரியை வைத்துச் சோதிப்பது வேறு, சமன்பாட்டைத் தீர்ப்பது வேறு. சமன்பாட்டை நேரடியாகத் தீர்க்க இறங்கியவர் ஓர் இளைஞர். பெயர் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன். கொஞ்ச காலம் பியர்சனிடமே உதவியாளராக இருந்தவர்.

ரிச்சர்ட்சனும் கணக்குப் போட்ட பையன்களும்

ரிச்சர்ட்சனுக்கு இந்த யோசனை வந்த இடம் அணை அல்ல, சதுப்பு நிலம். பீட் எனப்படும் சதுப்பு நிலத்துக் கரிமண்ணை எடுக்கும் ஒரு கம்பெனியில் 1906 வாக்கில் வேலை பார்த்தார். மண்ணிலிருந்து தண்ணீர் வடிய எப்படிக் கால்வாய் வெட்டுவது என்று பார்க்க வேண்டியிருந்தது. சமன்பாடு தெரியும், ஆனால் நிலத்தின் உருவத்துக்குச் சூத்திரம் இல்லை. பத்து சதவீதத் தவறு இருந்தாலும் பரவாயில்லை, ஒரு விடை வேண்டும். அந்த நிலைமைதான் அவரைத் தோராயக் கணக்கின் பக்கம் தள்ளியது.

அவர் செய்தது இதுதான். அணையின் குறுக்குவெட்டுப் படத்தின் மேல் சதுரங்கப் பலகை மாதிரி கட்டங்கள் போட்டார். கோடுகள் சந்திக்கும் புள்ளிகளில் மட்டும் விடை தெரிந்தால் போதும் என்று வைத்துக்கொண்டார். அப்போது வகைக்கெழுச் சமன்பாடு, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளின் எண்களைக் கூட்டிக் கழிக்கும் வெறும் எண்கணிதமாக மாறிவிடும். எளிய சமன்பாடுகளில் ஒரு புள்ளியின் மதிப்பு சுற்றியுள்ள நான்கு புள்ளிகளின் சராசரியாக இருக்கும். அணையின் சமன்பாட்டுக்குச் சுற்றியுள்ள பன்னிரண்டு புள்ளிகள் தேவைப்படும். முதலில் குத்துமதிப்பாக எண்களை நிரப்ப வேண்டும். பிறகு ஒவ்வொரு புள்ளியாகத் திருத்த வேண்டும். ஒரு சுற்று முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து. எண்கள் மாறாமல் நிற்கும் வரை இதையே செய்ய வேண்டும்.

யார் செய்வது? பையன்களைக் கூலிக்கு வைத்தார். கூலி பக்காவாகக் கணக்குப் போட்டுக் கொடுக்கப்பட்டது. ஒரு புள்ளிக்கு, எண்ணில் எத்தனை இலக்கமோ அதைப் பதினெட்டால் வகுத்த அளவு பென்னி. மூன்று இலக்க எண் என்றால் ஒரு பென்னியில் ஆறில் ஒரு பங்கு. தப்பாகப் போட்டதற்குக் காசு கிடையாது. வேகமான ஒரு பையன் வாரத்துக்கு 2000 கணக்குகள் போட்டான் என்றும், கூட்டல் குறியும் கழித்தல் குறியும் கலந்து வருவதுதான் அவர்களுக்குப் பெரிய தொல்லையாக இருந்தது என்றும் ரிச்சர்ட்சன் தன் கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார்.

அவர் எடுத்துக்கொண்டது அஸ்வான் அணையின் குறுக்குவெட்டு. கட்டுரை 1910-ல் ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்டது. இதே வேலையைக் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் ஃபெல்லோஷிப் கேட்டுச் சமர்ப்பித்தார், கிடைக்கவில்லை. தோராயக் கணக்கைக் கணிதமாக மதிக்காத காலம் அது. அஸ்வான் அணையை 1912-க்குள் உயர்த்தியும் விட்டார்கள்.

ஆனால் அந்தக் கட்டுரையில் இன்றைக்கும் உயிரோடு இருக்கும் ஒரு விஷயம் இருக்கிறது. தன் விடை தப்பு என்று ரிச்சர்ட்சனுக்குத் தெரியும். எவ்வளவு தப்பு என்பதுதான் அவருடைய கேள்வி. கட்டத்தின் அளவைப் பாதியாக்கினால் தவறு நாலில் ஒன்றாகக் குறையும் என்று காட்டினார். இது தெரிந்தால் ஒரு தந்திரம் செய்யலாம். பெரிய கட்டத்தில் விடை 92 என்று வருகிறது. பாதி அளவுக் கட்டத்தில் 98 என்று வருகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் 6. அதில் மூன்றில் ஒரு பங்கான 2-ஐ 98-உடன் கூட்டினால் 100. உண்மையான விடை அதற்கு மிக அருகில் இருக்கும். அதாவது இரண்டு தப்பான விடைகளை வைத்துக்கொண்டு ஏறக்குறையச் சரியான விடைக்குப் போகலாம். கூடவே, முதல் விடையை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரிந்துவிடும்.

இன்னொரு பாதை

கிட்டத்தட்ட அதே சமயத்தில் வேறொரு வழியும் திறந்தது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த வால்டர் ரிட்ஸ், பொருள் எப்போதும் தன் ஆற்றல் மிகக் குறைவாக இருக்கும் நிலையில்தான் வந்து நிற்கும் என்ற விதியைப் பிடித்துக்கொண்டார். சில எளிய வளைவுகளை எடுத்துக்கொண்டு, அவற்றை எந்த விகிதத்தில் கலந்தால் ஆற்றல் மிகக் குறைவாகிறது என்று பார்த்தால் போதும். காசநோயால் அவதிப்பட்டுக்கொண்டே இந்த வேலையைச் செய்தவர், 1909-ல் 31 வயதில் இறந்துபோனார். ரஷ்யாவின் கலெர்கின் 1915-ல் இதை இன்னும் பொதுவாக்கினார்.

ரிட்ஸ் முறையில் ஒரு சங்கடம் உண்டு. முழுப் பொருளுக்கும் பொருந்தும் வளைவுகளை முதலிலேயே ஊகிக்க வேண்டும். சதுரத் தகட்டுக்கு ஊகிக்கலாம். கோணல்மாணலான உருவத்துக்கு எங்கே போவது? நாஜிகளால் ஜெர்மனியை விட்டு வெளியேறி நியூயார்க் வந்த ரிச்சர்ட் கூரண்ட் 1943-ல் இதற்கு வழி சொன்னார். உருவத்தைச் சின்னச் சின்ன முக்கோணங்களாகப் பிரித்துவிடுங்கள், ஒவ்வொரு முக்கோணத்துக்குள்ளும் நேர்கோடு போல மாறும் எளிய சார்பு போதும் என்றார். பொறியாளர்கள் யாரும் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் அத்தனை முக்கோணத்துக்கும் கணக்குப் போட அன்று இயந்திரம் இல்லை.

அந்தக் காலத்தில் கையால் போடும் முறைகளில் பேர்போனது இங்கிலாந்தின் சவுத்வெல் கொண்டுவந்த தளர்த்தல் முறை. எல்லாப் புள்ளிகளையும் கற்பனையாகப் பிடித்து வைத்துக்கொண்டு, எங்கே பிடி அதிகமாக இறுகியிருக்கிறதோ அங்கே முதலில் தளர்த்துவது. ரிச்சர்ட்சன் முறையை விட வேகம் அதிகம், ஆனால் போடுபவருக்குக் கைப்பழக்கம் வேண்டும். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இந்த முறையைக் கற்றுக்கொண்டு, 1945-ல் அணைகளின் தகைவைப் பற்றி டாக்டர் பட்டம் வாங்கினார் ஓர் இளைஞர். போலந்தில் வளர்ந்து, போருக்குத் தப்பி இங்கிலாந்து வந்தவர். பெயர் ஜியன்கீவிச். அவர் மறுபடியும் வருவார்.

விமான இறக்கையிலிருந்து மீண்டும் அணைக்கு

1950-களின் தொடக்கத்தில் போயிங் நிறுவனத்துக்கு ஒரு தலைவலி. ஜெட் விமானங்களுக்கு முக்கோண வடிவ இறக்கை வேண்டியிருந்தது. பழைய இறக்கை நீளமான உத்தரம் போல இருக்கும், உத்தரத்தின் சூத்திரத்தைப் போட்டால் போதும். முக்கோண இறக்கைக்கு அது பொருந்தவில்லை. போயிங்கின் டர்னர், இறக்கையின் மேல்தகட்டையே முக்கோணத் துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடலாம் என்றார். கோடை விடுமுறையில் அங்கே வேலை செய்ய வந்த பெர்க்லி பேராசிரியர் ரே கிளஃப் அந்தக் கணக்கைப் போட்டார். டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் நால்வரும் எழுதிய கட்டுரை 1956-ல் வந்தது. ஐரோப்பாவில் ஆர்கிரிஸ் 1954-லிருந்தே இதே திசையில் எழுதிக்கொண்டிருந்தார்.

கூரண்ட் சொன்ன அதே முக்கோணங்கள்தான், ஆனால் இப்போது கம்ப்யூட்டர் வந்துவிட்டது. 1960-ல் கிளஃப் இதற்கு ஃபைனைட் எலிமெண்ட் முறை என்று பெயர் வைத்தார். வரம்புள்ள சிறு கூறுகளின் முறை என்று அர்த்தம்.

விமானத்துக்கு வெளியே இந்த முறையை நம்ப வைத்தது எது? மறுபடியும் ஓர் அணை. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் உள்ள நார்ஃபோர்க் அணையில், 1940-களில் கட்டும்போதே வெப்பநிலை மாற்றத்தால் செங்குத்தாக ஒரு விரிசல் விழுந்திருந்தது. அணை பத்திரமா என்று ராணுவப் பொறியாளர் பிரிவுக்குத் தெரிய வேண்டும். விரிசலையும், அடியில் உள்ள பாறையையும் சேர்த்துக் கிளஃபும் எட்வர்ட் வில்சனும் 1960-களின் தொடக்கத்தில் கணக்கிட்டார்கள். விரிசல் உள்ள பொருளைக் கட்டம் போட்டுக் கணக்கிடுவது பழைய முறையில் பெரும்பாடு. முக்கோணங்களுக்கு அது பிரச்சினையே இல்லை. விரிசலின் இரண்டு பக்கமும் உள்ள முக்கோணங்களை ஒட்டாமல் விட்டால் போதும்.

பாறையைச் சேர்த்துப் பார்க்க வேண்டியது எவ்வளவு அவசியம் என்பதற்கு அப்போது ஒரு கசப்பான சாட்சியும் இருந்தது. 1959 டிசம்பர் 2 இரவு பிரான்சின் மால்பாஸே அணை இடிந்து 400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அங்கே பிழை சுவரில் இல்லை, சுவரைத் தாங்கிய பாறையில் இருந்தது.

கட்ட முறையில் ஊறிப்போன ஜியன்கீவிச்சும் கட்சி மாறினார். 1961-ல் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீ பல்கலைக்கழகத்துக்கு வந்து, 1967-ல் செயுங் என்பவருடன் சேர்ந்து இத்துறையின் முதல் பாடநூலை எழுதினார். இதில் இன்னும் சுவாரசியமான ஒன்று, இதே முறையை மேலை நாடுகளுக்குத் தெரியாமலேயே சீனாவில் ஃபெங் காங் கண்டுபிடித்ததுதான். மஞ்சள் நதியின் லியூஜியாஷியா அணைக்கான கணக்கில் அவருடைய குழு ஈடுபட்டிருந்தது. 1965-ல் அவர் எழுதிய கட்டுரை, துண்டுகளைச் சின்னதாக்கிக்கொண்டே போனால் விடை உண்மையான விடையை நெருங்கும் என்று நிரூபித்தது. வெளியுலகத்துக்கு அது தெரியவர பத்து வருடத்துக்கு மேல் ஆனது.

எவ்வளவு தப்பு?

விடை கிடைக்கும் வேகம் கூடக்கூட, ரிச்சர்ட்சனின் கேள்வி பின்னுக்குப் போனது. கம்ப்யூட்டர் எட்டு இலக்கத்தில் விடை கொடுக்கும். எட்டு இலக்கம் இருப்பதால் அது சரியான விடை ஆகிவிடாது.

1960-களின் மத்தியில் இது வேலையிலேயே தெரிந்தது. சில வகைத் துண்டுகளை ஒரு மாதிரி அடுக்கினால் நல்ல விடை, வேறு மாதிரி அடுக்கினால் தவறான விடை. புரூஸ் அயர்ன்ஸ் என்பவர் ஒரு எளிய பரிசோதனை சொன்னார். சில துண்டுகளை மட்டும் ஒட்டி ஒரு சின்னத் திட்டு செய்து, எல்லா இடத்திலும் ஒரே சீரான தகைவு வரும்படி இழுத்துப் பாருங்கள். அதையே சரியாகச் சொல்லாத துண்டு பெரிய கணக்குக்கு ஆகாது. பேட்ச் டெஸ்ட் என்ற பெயரில் இது இன்றைக்கும் பாடத்தில் உண்டு.

கணக்கு முடிந்த பிறகு, அந்த விடையை வைத்தே தவறின் அளவை மதிப்பிடும் வழியை 1978-ல் பபுஷ்காவும் ரைன்போல்ட்டும் கொடுத்தார்கள். செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து 1968-ல் அமெரிக்கா போனவர் பபுஷ்கா. அவர் இந்தத் துறைக்குள் வந்த கதையிலும் ஓர் அணை இருக்கிறது. 1950-களில் ஆர்லிக் அணைக்குக் கான்கிரீட் போடும்போது வரும் வெப்பத்தைக் கணக்கிட்ட குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அவர். 1987-ல் ஜியன்கீவிச்சும் ஜூவும், எந்தப் பொறியாளரும் எளிதாகப் பயன்படுத்தக்கூடிய ஒரு பிழை மதிப்பீட்டைக் கொடுத்தார்கள்.

அதாவது 1991-க்குள் தேவையான எல்லாமே கையில் இருந்தது. அந்த வருடம் ஆகஸ்ட் 23-ம் தேதி நார்வேயில் என்ன நடந்தது?

கடலில் மூழ்கிய கான்கிரீட்

வடகடலில் எண்ணெய், எரிவாயு எடுக்க ஸ்லைப்னர் ஏ என்ற மேடைக்குப் பிரம்மாண்டமான கான்கிரீட் அடித்தளம் தயாராகிக்கொண்டிருந்தது. 24 பெரிய அறைகள் தேன்கூடு போல ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்டவாங்கர் அருகே உள்ள கடற்கழியில், மேடையைப் பொருத்தும் முன் சோதனைக்காக அதைத் தண்ணீருக்குள் மெல்ல இறக்கினார்கள். 65 மீட்டர் ஆழத்தில் ஓர் அறைச் சுவர் வெடித்தது. தண்ணீர் உள்ளே பாய்ந்து, மொத்தமும் மூழ்கி, கடலடியில் மோதி நொறுங்கியது. அந்த அதிர்வு ரிக்டர் அளவில் 3 என்று பதிவானது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. நஷ்டம் சுமார் 70 கோடி டாலர்.

காரணம் விசாரணையில் தெரிந்தது. அறைகள் மூன்று மூன்றாகச் சந்திக்கும் மூலைகளில், நாஸ்ட்ரான் மென்பொருளுக்குக் கொடுத்த வலை மிகவும் பெரிய துண்டுகளாகவும் கோணலாகவும் இருந்தது. அதனால் சுவரை வெட்டும் விதமான தகைவு 47 சதவீதம் குறைவாகக் கணக்கிடப்பட்டது. அந்த எண்ணை நம்பிச் சுவரை மெல்லியதாகவும், கம்பியைப் போதாமலும் வைத்தார்கள். விபத்துக்குப் பிறகு கவனமான வலையோடு திரும்பக் கணக்கிட்டபோது, இந்த அமைப்பு 62 மீட்டரில் உடையும் என்று விடை வந்தது. நிஜத்தில் உடைந்தது 65 மீட்டரில்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முறை தோற்கவில்லை. அதே முறை, அதே சமன்பாடு, கவனமாகப் பயன்படுத்தினால் மூன்று மீட்டர் வித்தியாசத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறது. மூலைகளின் வலையை ஒருமுறை பாதியாக்கி, விடை எவ்வளவு மாறுகிறது என்று பார்த்திருந்தால், விடை நிலைத்து நிற்கவில்லை என்பது அப்போதே தெரிந்திருக்கும். புதிய அடித்தளத்தை வடிவமைக்கும்போது கம்ப்யூட்டர் விடைகளுக்காகக் காத்திராமல், ஸ்லைடு ரூல் காலத்துக் கைக்கணக்கு முறைகளை வைத்துத்தான் வேலையைத் தொடங்கினார்கள். இரண்டாவது ஸ்லைப்னர் 1993-ல் கடலில் நின்றது.

இன்று ஒரு கல்லூரி மாணவர் லேப்டாப்பில் அரை நிமிடத்தில் போடும் கணக்கு, ரிச்சர்ட்சனின் பையன்களுக்குப் பல தலைமுறை ஆகியிருக்கும். திரையில் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று தகைவு அழகாக வண்ணம் காட்டும். பெரிய வலையிலும் அதே வண்ணம், சின்ன வலையிலும் அதே வண்ணம். தப்பான விடைக்கு என்று தனி நிறம் எதுவும் மென்பொருளில் கிடையாது. வலையைப் பாதியாக்கி இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்க, இன்னும் சில நிமிடம் ஆகும். 1910-ல் அந்த இரண்டாவது கணக்குக்கு ரிச்சர்ட்சன் புள்ளிக்கு இத்தனை பென்னி என்று கூலி கொடுத்தார்.